இடம் மாறும் பல்

என் நாற்காலியில் உட்காருகிற யாரும் எனக்குப் பதில் சொன்னது கிடையாது. சொல்லவும் முடியாது. வாய்க்குள் கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சு, போதாக்குறைக்கு என் இரண்டு விரல்கள். இத்தனையும் உள்ளே இருக்கும்போதுதான் எனக்குப் பேச்சு ஊற்றெடுக்கும். "பையன் எந்த வகுப்பு? பத்தாவதா? பத்தாவதாத்தான் இருக்கும். கணக்கு வரமாட்டேங்குதா? யாருக்குத்தான் வந்துது, விடுங்க!" என்று கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லி, ஆறுதலையும் நானே சொல்லி முடிப்பதற்குள் சொத்தை அடைபட்டிருக்கும். பல் டாக்டருக்குக் கையை விட வாய் முக்கியம் என்பது என் கட்சி. என் தங்கை இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "உனக்கு இருக்கறது வாய் இல்லக்கா, ரேடியோ. அதுவும் அணைக்கற பொத்தான் இல்லாத ரேடியோ" என்பாள்.

அவரும் அந்த நாற்காலியில் வந்து மாட்டிக்கொண்டவர்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் சுவரைக் குறி வைத்துக் கிளம்பினால் இவர் அதை அமுக்கி நிறுத்துவார். நாளெல்லாம் அதன் மேலேயே காலை வைத்திருந்து பழகியதில், பிரேக் இல்லாத இடத்திலும் அந்த வலது கால் சும்மா இருக்காது. அன்றைக்கு நான் டிரில்லைக் கையில் எடுத்ததுமே நாற்காலியின் கால் பலகையை ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினார்.

"மாஸ்டர், என் வண்டியில உங்க பக்கம் பிரேக் கிடையாது" என்றேன்.

வாய் நிறையப் பஞ்சு. சிரிக்க வழியில்லாமல் தோள் இரண்டும் குலுங்கின. அந்தக் குலுங்கல் எனக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு பல்லை அடைக்க ஒரு தடவை வந்தால் போதும். அவர் மறுபடி வந்தார், அதற்கப்புறமும் ஒரு முறை வந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே மாஸ்டர், எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"தெரியும் டாக்டர்" என்றார்.

அவ்வளவுதான் அவருடைய காதல் வசனம். எட்டு மாதமாக அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. நான் அவரை மாஸ்டர் என்றேன், அவர் என்னை டாக்டர் என்றார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் மரியாதையாக 'நீங்க' போட்டுக்கொண்டு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

என்னைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மேடை ஏறிப் பேசும்போது மைக்கோடு கீழே விழுந்தது, அப்பாவின் குறட்டைக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறியது, முதன்முதலாகப் பல் பிடுங்கியபோது நோயாளிக்கு முன்னால் நான் மயங்கியது, எல்லாம் சொல்லியாயிற்று. கல்யாணம் ஏன் இவ்வளவு தள்ளிப் போயிற்று என்பதையும் மறைக்கவில்லை. அது நான் எல்லாரிடமும் சொல்லும் கதை. என்னைப் பெண் பார்க்க ஒருவன் வந்தான். தனியாகப் பேசச் சொல்லி அறைக்குள் விட்டார்கள். அவன் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நான் அவன் முகத்தையா பார்த்தேன்? "மேல் வரிசையில இடது கடைவாய்ப் பல்லுல பெரிய சொத்தை இருக்குங்க, இப்பவே கவனிக்கலைன்னா வேர் வரைக்கும் போயிடும்" என்றேன். வந்தவன் வாயை மூடியவன்தான், வாசலைத் தாண்டும் வரை திறக்கவே இல்லை. இதைச் சொன்னால் சிரிக்காத ஆள் கிடையாது. எனக்கு ஆட்களின் முகம் மறந்து போகும், பெயர் மறந்து போகும். ஒரு தடவை பார்த்த பல்லை மட்டும் மறந்ததே இல்லை என்பதையும் கதையின் கடைசியில் சேர்த்துக்கொள்வேன்.

நான் இப்படித் திறந்த புத்தகமாக இருக்க, அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்ன? காபியில் சர்க்கரை போட மாட்டார். செருப்பை ஜோடி பிசகாமல் கழற்றி வைப்பார். யாரையும் குறை சொல்ல மாட்டார். வேறு ஒன்றும் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெண் கேட்பதாக ஏற்பாடு. தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வருகிறார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, வேறு யாரையும் இப்படிப் பிடித்ததில்லை என்று சொல்லும் அளவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாரைப் பிடித்திருக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஆள் தெரியாமல் தலையாட்டுவதா? மண்டையைக் குடைந்தது.

அப்போதுதான் அந்தக் கால் ஞாபகம் வந்தது. வாய் பேசாவிட்டால் என்ன, கால் பேசுகிறதே!

காபிக் கடையில் அவருக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தேன், அவர் கால் தெரிகிற மாதிரி. பேச்சுவாக்கில் கேள்விகளைத் தூவினேன்.

"சின்ன வயசுல ரொம்பக் குறும்பு பண்ணுவீங்களோ? பண்ணியிருப்பீங்க, இப்படி அமைதியா இருக்கறவங்கதான் அப்போ ஊரைக் கலக்கியிருப்பாங்க."

கால் அசையவில்லை.

"சமைப்பீங்களா?"

"சமைப்பேன்."

கால் அசையவில்லை.

"உங்க சமையலை இதுவரைக்கும் யாராவது சாப்பிட்டிருக்காங்களா, இல்ல தானே சமைச்சுத் தானே பாராட்டிக்கறதுதானா?"

செருப்பு தரையோடு அழுந்தியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இந்தச் சட்டை நல்லா இருக்கே. யார் எடுத்துக் கொடுத்தது? அம்மாவா? அம்மாவாத்தான் இருக்கும்."

அமுக்கினார். "தனி ஆளுக்கு எதுக்கு ரெண்டு ரூம் வச்ச வீடு?" என்றதற்குக் கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு அமுக்கினார். நான் உள்ளுக்குள் ஒரு படமே வரைந்துகொண்டேன். எங்கே தொட்டால் வலிக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்ப்பது என் தொழில்தானே. சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்கு வந்து நின்றது, ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

கிளம்பும் நேரத்தில் அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டாக்டர், ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு ஏற்கெனவே..." என்று ஆரம்பித்தார்.

"ஏற்கெனவே பயம் பிடிச்சுக்கிச்சா? அப்பாவை நினைச்சுத்தானே? அவர் பார்க்கத்தான் முரடு. வந்ததும் உங்க வேலையைப் பத்திக் கேப்பார், அடுத்ததா உங்க வண்டியைப் பத்திக் கேப்பார், அதுக்கப்புறம் தன் முழங்கால் வலியைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவார். நீங்க 'ம்' சொன்னாப் போதும். அதுதான் உங்களுக்குக் கை வந்த கலையாச்சே!"

அவர் சிரித்தார். தோள் குலுங்கவில்லை. காபி தம்ளரை எடுத்து, அதில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, மறுபடி கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டு என் ஆராய்ச்சியை எல்லாம் ஒப்பித்தேன்.

"நீ பல் டாக்டரா, துப்பறியறவளா? நேராக் கேட்டுட வேண்டியதுதானேக்கா?"

"கேக்காமலா இருப்பேன்? கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கார்."

"கேட்டுட்டு என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்னா?"

"வாயை மூடிக்கிட்டு இருந்தியான்னு கேக்கறேன்."

"இப்போ நீ யார் கட்சிடி?"

"எனக்கு உன் கல்யாணம் நடக்கணும், அவ்வளவுதான். உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரர் உன்கூடப் போன்ல பேசறாரே, ரெண்டு 'ம்' சொல்லிட்டு என்கிட்ட நீட்டிடுவார். 'உங்க அக்காவுக்கு நான் இருக்கறதும் இல்லாததும் ஒண்ணுதான்'ம்பார்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "உங்க வீட்டுக்காரருக்கு ரசனை கிடையாது" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

என் திமிருக்கு என் பல்லே ஆப்பு வைத்தது. ஞாயிறு நெருங்க நெருங்கக் கீழ்த் தாடையின் கோடியில் இருந்த ஞானப்பல் படுத்திய பாடு சொல்லி மாளாது. படுக்கைவாட்டில் முளைத்து முன்னால் இருந்த பல்லை முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நானே பிடுங்கிக்கொள்ள முடியாதே. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் சீனியர் டாக்டரம்மாவின் நாற்காலியில் போய்ப் படுத்தேன். அவர் அதிகம் பேச மாட்டார். ஊசி போட்டு, மரத்துப் போகக் காத்திருந்த நேரத்தில்கூட நான் விடவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த நர்சுக்கு என் மாப்பிள்ளை கதையை எடுத்துவிட்டேன். "கீழ் வரிசை, வலது பக்கம், இத்தனை பெரிய ஓட்டை!" என்னும்போதே உதடு தடித்து, நாக்கு பாதி செத்து, கதை பாதியில் நின்றது. நர்ஸ் மரியாதைக்குச் சிரித்தாள்.

பல்லை நாலு துண்டாக வெட்டி எடுத்தார்கள். பஞ்சை மடித்துக் குழியில் வைத்து, "கடி" என்றார் சீனியர். "ஒரு மணி நேரம் எடுக்கக் கூடாது. பேசக் கூடாது. நீ எல்லாருக்கும் சொல்றதுதான். உனக்கும் அதுதான்."

நான் கையை ஆட்டி, பேருந்தில் போய்க்கொள்கிறேன் என்று ஜாடை காட்டினேன்.

"அதெல்லாம் வேணாம். மாஸ்டருக்குச் சொல்லியாச்சு. கீழ நிக்கறார்."

கீழே பயிற்சி வண்டி நின்றது. அதன் தலையில் மஞ்சள் பலகை, பின்னால் 'கற்பவர்' என்ற எழுத்து. எட்டு மாதத்தில் நான் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. வேலை நேரம் முடிந்ததும் அதை விட்டுவிட்டு நடந்துதான் வருவார். கதவைத் திறந்துவிட்டார். அவர் வழக்கமாக உட்காரும் இருக்கையில் நான், மாணவர் இடத்தில் அவர். என் காலடியில் அந்தப் பிரேக் இருந்தது. ரப்பர் தேய்ந்து, நடுவில் இரும்பு பளபளத்தது.

வண்டி நகர்ந்தது. "வலிக்குதா?" என்றார். தலையாட்டினேன். சொல்வதற்கு எனக்கு ஆயிரம் இருந்தது. பல் படுக்கைவாட்டில் இருந்ததைச் சொல்ல வேண்டும், சீனியரின் கை இரும்பு என்று சொல்ல வேண்டும். பையிலிருந்து போனை எடுத்துத் தட்டி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"வண்டி ஓட்டும்போது நான் படிக்க மாட்டேன் டாக்டர். உங்களுக்கே தெரியும்."

போனை உள்ளே வைத்தேன். எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனை வந்தது. அவர் திரும்பவில்லை. நான் கையைக் காட்டினேன். பார்த்தும் பார்க்காதது போல் நேராகப் போனார்.

"மன்னிச்சுக்கங்க. நான் கொஞ்சம் பேசணும். நீங்க இப்போ பேச முடியாது. இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் எனக்கு மறுபடி அமையாது."

அவர் கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தேன். முகம் ரோட்டைப் பார்த்து இறுகியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள், பாடம் எடுப்பவர் வைக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இருந்தன.

"எனக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயிருக்கு."

என் கால் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. இரும்பு உள்ளே இறங்கியது. வண்டி நடுரோட்டில் குலுங்கி நின்றது. நெற்றி முன்னால் போய் வந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனைப் போட்டு அலற, ஒருவர் எங்களைச் சுற்றிக்கொண்டு போகும்போது ஜன்னலை இறக்கி, "ஓட்டத் தெரியாட்டி எதுக்குய்யா ரோட்டுக்கு வர்ற?" என்றார். பிரேக் மாஸ்டரை வாழ்நாளில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். என் வாயில் பஞ்சு மட்டும் இல்லாவிட்டால் நான் அந்த ஆளை ஒரு வழி பண்ணியிருப்பேன்.

"காலை எடுங்க டாக்டர். ஓரமா நிறுத்திக்கறேன்."

எடுத்தேன். மூடிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் வண்டியை ஒதுக்கினார். எச்சரிக்கை விளக்கைப் போட்டார். அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. எட்டு மாதம்! எட்டு விரலை விரித்து அவர் கண்ணுக்கு முன்னால் ஆட்டினேன்.

"சொல்ல வந்தேன். அன்னைக்குக் காபிக் கடையில சொல்ல வந்தேன். அதுக்கு முன்னாடி பேருந்து நிறுத்தத்துல சொல்ல வந்தேன். 'எனக்கு முன்னாடி ஒருத்தங்க'ன்னு ஆரம்பிச்சேன். 'காதலா? யாருக்குத்தான் இல்ல, விடுங்க'ன்னீங்க. பேருந்து வந்துடுச்சு. இன்னொரு தடவை நாற்காலியில இருக்கும்போதே சொல்லிடலாம்னு பார்த்தேன். வாயைத் திறங்கன்னீங்க."

கோபத்தின் நடுவே எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கடிக்கத்தான் பஞ்சு இருந்ததே.

அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனார். நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து, ஓட்டுகிறவர் மாதிரியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு. வேறு ஊரில் வேலை பார்த்தபோது நடந்த கல்யாணம், குடித்தனம் இங்கே வந்து அந்த இரண்டு அறை வீட்டில். இரண்டு வருடம் தாண்டவில்லை, விவாகரத்தில் முடிந்தது. "அவ நல்லவ. சண்டை சச்சரவுன்னு ஒண்ணும் கிடையாது. அவ அடுப்பைப் பத்த வைப்பா, நான் போய்த் தீயைக் குறைச்சு வைப்பேன். அவ கதவைச் சாத்துவா, நான் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். அவ யார்கிட்டயாவது பேச ஆரம்பிச்சா, பாதியிலேயே நான் முடிச்சு வைப்பேன். நல்லதுக்குத்தானே செய்யறேன்னு நினைச்சேன். அவளுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு. ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கிட்டு வந்து நின்னா. 'என் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு எப்பவும் பிரேக் மேல காலை வச்சிருக்கீங்க. நான் என்னைக்குத்தான் ஓட்டறது?'ன்னு கேட்டா."

விரித்திருந்த எட்டு விரலையும் மடக்கிக்கொண்டேன்.

"அதான் உங்க விஷயத்துல காலை எடுத்துட்டேன். நீங்க எங்க போனாலும் போகட்டும், எப்படிப் பேசினாலும் பேசட்டும், குறுக்கே வரக் கூடாதுன்னு. இதைச் சொல்றதுக்கும் குறுக்கே வரணுமே, அதான் முடியல. ஞாயித்துக்கிழமை நான் வரட்டுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். வேணாம்னா உங்கப்பாகிட்ட நானே ஏதாவது காரணம் சொல்லிக்கறேன். உங்க பேரு வராது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒருத்தி இவர் சமையலைச் சாப்பிட்டிருக்கிறாள், சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள், இரண்டாவது அறையில் அவள் சாமான் இருந்திருக்கிறது. எனக்கு வந்தது பொறாமைதான், அதை வேறு பெயர் வைத்து அழைக்க மாட்டேன். நான் மட்டும் முட்டாளா? என் நெஞ்சைத் தொட்டேன். வாயைத் தொட்டேன். கையை அவர் பக்கம் விரித்தேன். நான் உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேனே!

அவருக்குப் புரிந்துவிட்டது. முதல் தடவையாக ரோட்டை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

அவர் 'நீ' என்றது என் காதில் விழுந்தது. அவருக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

"மைக்கோட விழுந்தது, குறட்டை, மயங்கினது. இதெல்லாம் உன் நாற்காலியில படுத்திருந்தப்பவே கேட்டுட்டேன். எனக்கு அடுத்து வந்தவருக்கும் அதையே சொன்ன, வெளிய உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டுது. நல்லாத்தான் இருக்கும், எனக்கு உன் பேச்சு பிடிக்கும். ஆனா பஞ்சை வச்சவங்க எல்லாருக்கும் சொல்றதைத்தான் எனக்கும் சொல்லியிருக்க." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பெண் பார்க்க வந்தவன் கதை. எனக்கு மட்டும் நாலு தடவை சொல்லியிருப்ப. ஒரு தடவை மேல் வரிசை, இடது பக்கம். ஒரு தடவை முன்பல். ஒரு தடவை கீழ. ஒரு தடவை ரெண்டு பல்லு. ஒரு தடவை பார்த்த பல்லை மறக்கவே மாட்டேன்னு சொல்றவ நீ. என் வாயில எந்தப் பல்லை அடைச்சன்னு இருட்டுல கேட்டாலும் சொல்லுவ. இந்த ஒரு பல்லு மட்டும் ஏன் இடம் மாறிக்கிட்டே இருக்கு?"

இத்தனை வருடத்தில் இந்தக் கதையை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அப்பா, தங்கை, கூட வேலை செய்கிறவர்கள், பல்வலியோடு வந்த பாவப்பட்ட ஜனங்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர்கூடப் பல்லைக் கவனிக்கவில்லை. நானே கவனிக்கவில்லை என்பதுதான் என்னைக் கலங்க வைத்தது. வாய் திறக்காத இந்த மனிதர் நான் சொன்னதை எல்லாம் ஒரு சொல் சிந்தாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. நான் பஞ்சை எடுத்தேன்.

"இன்னும் நேரம் ஆகல" என்று பதறினார்.

"தெரியும். நான்தான் டாக்டர்."

உதடு பாதி செத்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேகமாகப் பேச முடியாததால் பூசி மெழுகவும் முடியவில்லை.

"என்னை விட்டுப் போனவன் பெண் பார்க்க வந்தவன் இல்ல. என்கூடப் படிச்சவன். மூணு வருஷம் பழகினோம். அவன் பல்லுல ஒரு குறையும் கிடையாது. முப்பத்திரண்டும் வரிசையா, சுத்தமா இருக்கும். அவ்வளவு கிட்ட இருந்து பார்த்திருக்கேன்." குழியிலிருந்து இரத்தம் கசிந்து நாக்கில் பட்டது. முழுங்கிக்கொண்டேன். "அவங்க அம்மா செத்துப் போனப்போ வந்து என் பக்கத்துல உட்கார்ந்தான். என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. பயமா இருந்துது. சும்மா இருக்க முடியாம ஏதோ தமாஷ் பண்ணினேன். என்ன சொன்னேன்னுகூட ஞாபகம் இல்ல. அவன் எழுந்து போயிட்டான். 'உன்கிட்ட ஒண்ணும் சொல்ல முடியல'ன்னு மட்டும் சொன்னான். வீட்டுல யாருக்கும் அவனைத் தெரியாது. ஏன் அழறேன்னு தங்கச்சி கேட்டா. அந்த வாரம் நிஜமாவே ஒருத்தன் பெண் பார்க்க வந்துட்டு வேணாம்னு போயிருந்தான், அப்போதான் அவனுக்கு அந்தச் சொத்தைப் பல்லைக் கண்டுபிடிச்சேன்."

சொல்லி முடித்ததும் எனக்கு ஒரே ஒரு பயம் வந்தது. இதற்கும் அவர் சிரித்துவிட்டால்? சிரிக்க வைத்துத்தானே பழக்கம் எனக்கு. அவர் சிரிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. டாஷ்போர்டிலிருந்து காகிதத் துண்டை எடுத்து என் உதட்டோரம் வழிந்ததை ஒற்றினார். மரத்த உதட்டுக்கு அது தெரியவில்லை. கன்னத்துக்குத் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றேன். "முதல் கல்யாணத்தை எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. அவர் கத்துவார். கத்தட்டும். நான் குறுக்கே வந்து சமாளிக்க மாட்டேன். நீங்களும் அப்போ காலை அமுக்காதீங்க."

"எந்தக் காலை?"

நான் குனிந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். நிறுத்திய வண்டியில், அவருடைய வலது கால் பிரேக்கின் மேல் முழுப் பலத்தோடு அழுந்திக் கிடந்தது. அவர் திருதிருவென விழித்தார். அதற்கப்புறம் அந்தத் தோள்கள் குலுங்கின, எட்டு மாதத்துக்கு முன்னால் குலுங்கிய அதே மாதிரி. காலை மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தார்.

எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. கேட்டால் வலிக்கும் என்றும் தெரிந்தது. அந்த வீட்டில் அவள் எந்த ஜன்னலோரம் உட்காருவாள், போன பிறகு அவர் எப்படிச் சாப்பிட்டார், தூங்கினார், இப்போது அவள் எங்கே? பதில்களும் வழக்கம்போல என் நாக்கின் நுனியில் தயாராக நின்றன. நல்லாத்தான் இருப்பாங்க, வேற கல்யாணம் பண்ணியிருப்பாங்க, விடுங்க.

"அவங்களை நினைச்சுக்குவீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

கேட்டுவிட்டு, சீனியர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்து, புதுப் பஞ்சை மடித்துப் பல் இருந்த இடத்தில் வைத்து இறுகக் கடித்துக்கொண்டேன்.

அவர் எச்சரிக்கை விளக்கை அணைத்தார். நான் காத்திருந்தேன். பிறகு பேச ஆரம்பித்தார்.